அண்ணனின் பெயரை மகனுக்கு வைக்கலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஓர் இளந்தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய ஊர், தொழில் முதலியவற்றை விட்டுவிடுகிறேன். கேள்வியே ஒரு பெயரைப் பற்றியது என்பதால் அந்தப் பெயரை மட்டும் மாற்றாமல் தருகிறேன். அவருக்கு முதற்பிள்ளை ஆணாகப் பிறந்து, கடிதம் எழுதிய அன்று 33 நாள். அவருடைய அண்ணன் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த சனத்தோடு சனமாக வந்தவர். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் அவரைக் கண்டவர் எவருமில்லை. அண்ணனின் பெயர் குகன். பிள்ளைக்கும் அதே பெயரை வைக்க வேண்டுமென்று தம்பி நெடுங்காலமாக மனதில் வைத்திருந்தார். 31 ஆம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைத் தொட்டிலில் இட்டபோது, அந்தப் பெயரைக் காதில் சொல்வதற்காகக் குனிந்தவரின் தோளைப் பிடித்துத் தாயார் தடுத்துவிட்டார். “அவன் வருவான். வந்து நிண்டா, இந்த வீட்டில ஆரை நான் குகன் எண்டு கூப்பிடுறது?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவர், அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

இதற்குள் மற்றவர்களும் தத்தமது கருத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது ஓடக்காரனின் பெயர், படிக்கப்போகிற பிள்ளைக்கு எதற்கு என்கிறார் மாமனார். மனைவி கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்ததில் ‘குகன் என்றால் மறைந்தவன்’ என்று இருந்ததாம். பெரியப்பாவுக்கு நேர்ந்ததற்கே அந்தப் பெயர்தான் காரணமோ என்று அவர் பயப்படுகிறார். கனடாவிலிருக்கும் மைத்துனர், எண்சாத்திரப்படி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி வைத்தால் தோஷம் நீங்கும் என்கிறார். தந்தையின் கேள்விகள் மூன்று. 42 நாளுக்குள் பெயர் வைக்காவிட்டால் பிறப்பைப் பதிய முடியாமற் போகுமா? காணாமற்போன அண்ணனின் பெயரைப் பிள்ளைக்குப் பதிந்தால், அவர் இறந்துவிட்டதாகக் குடும்பமே ஏற்றுக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு அவருடைய கோவையை மூடிவிடுவார்களா? அந்தப் பெயரில் உண்மையிலேயே குற்றம் ஏதும் உண்டா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சட்டத்தரணி என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னால் நேரடியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவது கேள்வி என் தொழிலுக்குப் புறம்பானது என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் அந்தப் பெயருக்கு ஒவ்வொரு பொருளை எடுத்துக்கொண்டு தவிக்கிறீர்கள் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மறைந்தவன் வேறு, மறைந்திருப்பவன் வேறு

குகன் என்பது வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்து பல நூற்றாண்டுகளாக இங்கேயே வாழ்கின்ற பெயர். அதன் வேர்ச்சொல்லுக்கு மறைத்தல், ஒளித்து வைத்தல் என்று பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் ‘குகை’யும் அதே வேரில் பிறந்ததுதான். இந்தப் பெயர் முதன்மையாக முருகனுக்குரியது. அடியவரின் நெஞ்சமாகிய குகைக்குள் வெளியே தெரியாமல் உறைபவன் என்ற பொருளிலேயே அவனைக் குகன் என்றார்கள். கந்தரனுபூதியின் கடைசிப் பாடலை உங்கள் தாயார் எத்தனையோ கந்தசஷ்டிக்குப் பாடியிருப்பார். ‘உருவாய் அருவாய்’ என்று தொடங்கும் அந்தப் பாடல் ‘குருவாய் வருவாய் அருள்வாய் குகனே’ என்றுதான் முடிகிறது. அருணகிரிநாதர் கடவுளை நோக்கி ‘வருவாய்’ என்று கேட்கும் இடத்தில் நிற்கின்ற பெயர் அது.

உங்கள் மனைவி கண்டது ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் விளைவு. ‘மறைந்திருப்பவன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் யாரோ ‘மறைந்தவன்’ என்று எழுதிவிட்டார்கள். ‘மறைந்தார்’ என்றால் இறந்தார் என்பது இன்று நம்முடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் நிலைத்துவிட்ட வழக்கு; அதைக் கொண்டு ஒரு பழைய பெயரின் வேருக்குப் பொருள் சொல்ல முடியாது. மறைந்திருப்பவன் இருக்கிறான், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சொல்லின் பொருளே அதுதான்.

மனைவியின் மற்றப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கு நேர்ந்தது பெயரால் நேர்ந்ததன்று. அதே நாட்களில் அதே பாதையால் வந்து காணாமற்போனவர்களுள் எல்லாப் பெயர்களும் இருந்தன. அம்மன் பெயரும் இருந்தது, அந்தோனியார் பெயரும் இருந்தது, சோதிடர் எழுத்துப் பார்த்து வைத்த பெயரும் இருந்தது. பெயரின் மேல் பழியைப் போட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாமலே விடுபட்டுப் போவார்கள். பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன பெண்ணுக்கு இப்படியான பயங்கள் வருவது இயல்புதான். ஆகையால் அவரோடு வாதாடாமல், இந்தக் கடிதத்தை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள்.

இனி மாமனாருக்கு. இராமாயணத்துக் குகன் ஓடம் விட்டவன் என்பது உண்மை; ஆனால் அது பாதி உண்மை. கங்கைக்கரையில் சிருங்கிபேரம் என்ற நகரிலிருந்து ஆண்ட வேடர் தலைவன் அவன். கம்பர் அவனை அறிமுகப்படுத்தும்போதே ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’ என்கிறார். அம்பி என்றால் ஓடம். இராமனைக் காண வரும்போது அவன் தேனும் மீனும் கொண்டு வருகிறான். காட்டுத் தேனும் நந்திக்கடல் மீனும் எடுத்து வாழ்கின்ற மண்ணில் இருந்துகொண்டு அவனைக் குறைவாகப் பேசுவது நமக்குப் பொருந்தாது. பின்பு விபீடணன் வந்து சேரும் இடத்தில், இதுவரை தான் சேர்த்த சகோதரர்களை எண்ணிச் சொல்லும் இராமன் ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ என்றே தொடங்குகிறான். நால்வராய்ப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஐவராக்கியவன் பெயர் அது. அண்ணனின் நினைவாகப் பெயர் வைக்க நினைக்கும் ஒரு தம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன். மாமனார் கேட்டால் இந்த இடத்தைச் சொல்லுங்கள். படிப்புக்கும் பெயருக்கும் தொடர்பில்லை என்பதை அவரே அறிவார்.

குகதாசன், குகநாதன், குகானந்தன், குகராசா, குகநேசன் என்று இந்தப் பெயரிலிருந்து கிளைத்த பெயர்கள் நம் பக்கத்தில் ஏராளம். உங்கள் தகப்பனார் தலைமுறையில் ஊருக்கு இரண்டு குகதாசன்களாவது இருந்திருப்பார்கள். இதை இப்போதே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

பதிவையும் பெயரையும் பிரித்துப் பாருங்கள்

பிள்ளைக்கு 33 நாள் என்று எழுதியிருந்தீர்கள். இது உங்களுக்குக் கிடைக்கும்போது 42 நாள் நெருங்கியிருக்கும், அல்லது கடந்தும் இருக்கும். பதற வேண்டாம். 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பற்றிய தகவலைப் பதிவாளருக்குக் கொடுப்பது பெற்றோரின் கடமை. 3 மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். உறுதியுரை, மேலதிக ஆவணங்கள் என்று அலைச்சல் கூடும். எனவே பிறப்பைப் பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் பிறப்பைப் பதிவதும் பெயரைப் பதிவதும் ஒன்றே என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது தவறு. பெயர் முடிவாகாவிட்டால், பெயருக்குரிய கூட்டை வெறுமையாக விட்டுப் பிறப்பைப் பதியலாம். பின்னர் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. ஏற்கெனவே பதிந்த பெயரை மாற்றவும் வழி உண்டு. என்றாலும், பெயரில்லாத பிறப்புச் சான்றிதழை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, முதலாம் வகுப்பில் சேர்க்கும் காலத்தில் பிரதேச செயலகத்துக்கு ஓடி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது. தாயாரோடு பேசுவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதற்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். பெயரைத் தீர்மானிக்கும் உரிமை சட்டப்படி பெற்றோராகிய உங்கள் இருவருக்குமே உரியது. தாயாருக்கோ மாமனாருக்கோ மைத்துனருக்கோ அதில் சட்ட உரிமை இல்லை. அந்த உரிமையைத் தாயாரின் முகத்துக்கு நேரே நீட்டுவதா என்பது வேறு விடயம்.

அண்ணனின் கோவைக்கு ஒன்றும் நேராது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரி இதுதான்: “நாங்களே அவரை முடித்துவிட்டோம் என்று எழுத்தில் கொடுத்ததாகிவிடுமோ.” அப்படி ஆகாது. ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பது இன்னொருவர் இறந்தார் என்பதற்குச் சான்றாவதில்லை. எந்தச் சட்டத்திலும் அப்படியொரு அனுமானம் இல்லை.

காணாமற்போன ஒருவரின் இறப்பைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. அதன்படி நெருங்கிய உறவினர் தாமே விண்ணப்பித்து, தமக்குத் தெரிந்ததைச் சத்தியம் செய்து சொன்னால்தான் இறப்புச் சான்றிதழ் வரும். அதை வேண்டாமென்று மறுத்த தாய்மாரின் நிலையைக் கருதி, 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல் அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மாத்திரம் பதிகின்ற சான்றிதழொன்று கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால்தான் காணாமற்போனோர் பற்றிய அலுவலகமும் அமைந்தது. இவை எவற்றிலும் உங்கள் மகனின் பெயருக்கு இடமில்லை. உங்கள் குடும்பத்தில் ஒருவர் தாமாக விண்ணப்பித்துக் கையொப்பமிடாமல், தாயாரின் மகன் இந்தச் சட்டத்தின் கீழ் இறந்தவராகப் பதியப்படமாட்டார். இந்த வசனத்தை அவருக்கு அப்படியே சொல்லுங்கள்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஆவணங்கள் குழம்பாதா என்றும் கேட்டிருந்தீர்கள். நம்முடைய முறையிலேயே அதற்குக் காப்பு இருக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். அண்ணனின் பெயருக்கு முன்னால் நிற்பது உங்கள் தகப்பனாரின் பெயர். மகனின் பெயருக்கு முன்னால் நிற்கப்போவது உங்கள் பெயர். முதலெழுத்து வேறு, பிறந்த திகதி வேறு, அடையாள அட்டை இலக்கம் வேறு. இருவரையும் ஒருவராக எந்த அலுவலரும் எடுத்துவிட முடியாது.

எழுத்துக்கூட்டைப் பற்றி ஒரு சொல்

மைத்துனரின் யோசனைக்கு நான் எதிர். எண்சாத்திரம் சரியா பிழையா என்ற வாதத்துக்குப் போகாமலே, என் மேசையில் காண்பதைக் கொண்டு சொல்கிறேன். சில காலத்துக்கு முன் இதே பெயருடைய ஓர் இளைஞர், வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக ஒரு சொப்பிங் பையில் ஆவணங்களைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார். பாடசாலைச் சான்றிதழில் ஆங்கிலப் பெயர் ‘கே’யில் தொடங்கி நடுவில் ‘ஜீ’. கடவுச்சீட்டில் ‘கே’யில் தொடங்கி நடுவில் ‘எச்’. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ‘ஜீ’யில் தொடங்கி நடுவில் ‘எச்’. தமிழில் மூன்றும் ஒரே மூன்றெழுத்துப் பெயர்தான். மூன்று கடதாசியும் ஒரே ஆளுக்குரியவை என்று காட்டுவதற்குச் சத்தியக்கடதாசி முடித்து, திருத்தங்களுக்கு விண்ணப்பித்து, அந்தத் தவணை அவருக்குக் கைதவறிப் போயிற்று.

தமிழில் ககரம் ஒன்றுதான். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். நாம் குகன் என்று சொல்லும்போது முதல் எழுத்து வன்மையாகவும் நடு எழுத்து மென்மையாகவும் ஒலிக்கும். வடமொழி ஒலிப்பில் முதல் எழுத்தே மென்மை. நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களிடமும் இந்த இரட்டைநிலை உண்டு: வன்மையான ‘கு’ திருவாதிரைக்கும் மென்மையான ‘கு’ அவிட்டத்துக்கும் போகும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் எது சரி என்று என்னைக் கேட்டால், நீங்கள் வீட்டில் எப்படி ஒலிக்கிறீர்களோ அதுவே சரி என்பேன். ஆனால் ஒன்றைத் தெரிந்தெடுத்து, முதல் மொழிபெயர்ப்பிலிருந்தே அதை மட்டும் பயன்படுத்துங்கள். இப்போதைய அடையாள அட்டையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் வருகிறது. 15 வயதில் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கும்போது தடுமாறக்கூடாது. தோஷம் நீங்கச் சேர்த்த எழுத்து அலுவலகங்களில் தோஷமாகவே வந்து நிற்கும்.

தாயாரோடு பேசும்போது

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு உரிமை உண்டு, பெயரில் குற்றமில்லை, சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் நாளைக்கே போய்ப் பதியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயிலின் முன்னால்தான். அந்த வாசலில் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் தம் மகனைப் பற்றி ‘இருந்தான்’ என்று பேசியதில்லை. ‘இருக்கிறான்’ என்றே பேசினார்கள். உங்கள் தாயார் தடுத்ததையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் மேல் அவருக்கு வெறுப்பில்லை, அண்ணனின் பெயர் துரதிர்ஷ்டமானது என்று அவர் நினைக்கவுமில்லை. அந்தப் பெயர் இன்னும் பாவனையில் இருக்கிறது, உரியவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய நிலை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் காத்து வைத்திருக்கும் ஒரே பொருள் அது. நீங்கள் அன்பினால் கேட்டாலும், அவருக்கு அது பறிப்பதாகவே படும்.

எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “இந்தப் பெயரை வைக்கட்டுமா” என்று கேட்டால் அவர் ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். “அண்ணா வந்து இவனைப் பார்க்கும்போது, இவனுக்கு என்ன பெயர் இருந்தால் அவருக்குச் சந்தோசமாயிருக்கும்” என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி அவருடைய நம்பிக்கையை உடைக்காது. அதற்கு உள்ளேயே நின்று பேசும். அவர் அழக்கூடும், அல்லது ஒரு கிழமை பேசாமலும் இருக்கக்கூடும். விட்டுவிடுங்கள்.

அவர் குகன் என்றே வைக்கச் சொன்னால், கூப்பிடுவதற்கு ஒரு வீட்டுப்பெயரை அவரையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். நம்மிடையே இது புதிதன்று. ‘பேரன்’ என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. உயிரோடிருக்கும் பாட்டனின் பெயரையே பேரனுக்கு வைத்து, மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதற்காக வீட்டில் வேறு பெயரால் அழைத்து வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. உயிரோடு இருப்பவரின் பெயரை வைத்தால் அவருக்கு ஆகாது என்ற எண்ணத்துக்கும் இதுவே பதில். பாட்டனும் பேரனுமாக ஒரே பெயரில் ஒரே முற்றத்தில் இருந்திருக்கிறார்கள்.

அவர் மனம் இசையாவிட்டால், முன்பு சொன்ன குகதாசன், குகநேசன் போன்ற பெயர்கள் இருக்கின்றன. குகநேசன் என்றால் குகனிடம் அன்புள்ளவன். கடவுளையும் குறிக்கும், பெரியப்பாவையும் குறிக்கும். அண்ணனின் பெயரும் அவருக்கென்றே தனியாக நிற்கும். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் இது என் வீட்டுப் பிள்ளையல்ல. சமாதானத்துக்காக, ஒருவருக்கும் பொருள் தெரியாத நான்கு ஒலிகளைச் சேர்த்து ஒரு பெயரை உண்டாக்கி வைத்துவிடாதீர்கள். அது எல்லோருடைய வாயையும் அடைக்கும். ஆனால் பிள்ளை பெரியவனாகி ‘எனக்கேன் இந்தப் பெயர்’ என்று கேட்கும் நாளில் உங்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

பதிவுக்குப் போகுமுன் அண்ணனின் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதி இடம்பெயர்வில் தொலைந்திருந்தாலும், பதிவேடு இருக்குமானால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அது அண்ணனின் கோவைக்கும் எப்படியும் தேவைப்படும். முடியுமானால் தாயாரையும் உங்களோடு கூட்டிச் செல்லுங்கள். பதிவாளர் எழுதியதும் உடனே கையொப்பமிட்டுவிடாமல், ஒவ்வொரு கூட்டையும் எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். பெயருக்குரிய கூட்டைத் தாயாருக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பமிடுங்கள்.